ஜப்பானுக்கு எக்ஸ்சேஞ்ச்: ஒரு செமஸ்டரா, ஒரு வருஷமா?

கல்லூரியில் ஜப்பானுக்கான எக்ஸ்சேஞ்ச் (மாணவர் பரிமாற்றம்) பட்டியலில் பெயர் வந்துவிட்டது, ஒரு செமஸ்டர் போதுமா இல்லை ஒரு வருஷம் எழுதிக்கொடுக்கவா, டோக்கியோ போடவா வேறு ஊர் போடவா என்று இந்த வருஷம் மட்டும் நாலைந்து ஜூனியர்கள் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நான் போனது சென்டாய், முழு வருஷம். என் வகுப்புத் தோழி ஒருத்தி அதே செப்டம்பர் கடைசியில் டோக்கியோவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு ஒரு செமஸ்டர் போனாள். இரண்டு பேரும் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் ஒரே கல்லூரி, ஒரே துறை, கிட்டத்தட்ட ஒரே மார்க். அதனால் எங்கள் இரண்டு பேர் அனுபவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

முதலில் காலண்டர். இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் முடிவையே இதுதான் தீர்மானிக்கிறது. ஜப்பானில் கல்வி ஆண்டு ஏப்ரலில் ஆரம்பிக்கும். ஏப்ரல் முதல் ஜூலை கடைசி அல்லது ஆகஸ்ட் தொடக்கம் வரை ஒரு செமஸ்டர், செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபரிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை இன்னொன்று. நம் ஊரில் ஜூலையிலிருந்து நவம்பர், அப்புறம் ஜனவரியிலிருந்து மே. இரண்டையும் ஒரு தாளில் கோடு போட்டுப் பாருங்கள். அக்டோபரில் ஒரு செமஸ்டர் மட்டும் போகிறவர் இங்கே ஐந்தாவது செமஸ்டரைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார், நவம்பர் தேர்வு எழுத முடியாது. திரும்பி வரும்போது பிப்ரவரி பாதி. ஆறாவது செமஸ்டர் ஆறு வாரம் ஓடியிருக்கும், இன்டர்னல் ஒன்று முடிந்திருக்கும், 75 சதவீத அட்டெண்டன்ஸ் கணக்கு கழுத்தில் நிற்கும். பெயர் ஒரு செமஸ்டர், அடிபடுவது இரண்டு. அதே அக்டோபரில் கிளம்பி ஒரு வருஷம் இருந்துவிட்டு ஆகஸ்டில் வருகிறவருக்கும் அடிபடுவது ஐந்தும் ஆறும்தான், ஏழாவதில் நாலைந்து வாரம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். கிட்டத்தட்ட ஒரே விலை கொடுத்து ஒருத்தர் நாலரை மாதமும் இன்னொருத்தர் பத்தரை மாதமும் வாங்குகிறார்கள். என் தோழி திரும்பி வந்த பிறகு ஏப்ரலில் ஆறாவது செமஸ்டர் தேர்வுக்கும், விட்டுப்போன ஐந்தாவது செமஸ்டர் தாள்களுக்கும் சேர்த்துப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் நான் அங்கே இரண்டாவது செமஸ்டருக்கு வகுப்பு தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் அது இன்னும் வலிக்கிறது, எனக்கும்தான்.

ஏப்ரலில் கிளம்புவது எப்படி என்றால், தன்னாட்சிக் கல்லூரியாக இருந்து தேர்வை முன்கூட்டி எழுத விடுவார்கள் என்றால் யோசிக்கலாம். ஆனால் ஏப்ரலில் போய் அடுத்த பிப்ரவரி வரை இருந்தால் மூன்று செமஸ்டரில் கை வைக்கிறது. வருஷம் முழுக்கப் போவதானால் அக்டோபர்தான் சரி, அதுவும் மூன்றாம் வருஷத்தில். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஊர் திரும்பினால் பிளேஸ்மென்ட் சூடு பிடிக்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்துவிடலாம்.

கிரெடிட் விஷயத்தில் நான் பட்டது ஒன்று சொல்கிறேன். போகும்முன் துறையில் எல்லாப் பாடமும் ஏற்றுக்கொள்வோம் என்று வாயால் சொன்னார்கள், நம்பிப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பொறுப்பில் வேறு ஆள். அங்கே எடுத்ததில் மூன்று பாடங்களுக்கு இணையான பாடம் நம் சிலபஸில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், அந்த மூன்றையும் ஏழாவது செமஸ்டரோடு சேர்த்து எழுதினேன். அதனால் அங்கே எந்தப் பாடம், இங்கே எந்தப் பாடத்துக்குப் பதில் என்று ஒவ்வொன்றாக எழுதி, துறைத் தலைவர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் இரண்டு பேர் கையெழுத்தும் முத்திரையும் வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். அங்கே போய்ப் பாடம் மாறும், கட்டாயம் மாறும், அப்போது மாற்றத்தையும் மெயிலில் அனுப்பி ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு கணக்கும் உண்டு. மாணவர் விசாவுக்காக எக்ஸ்சேஞ்ச் மாணவர் வாரத்துக்குக் குறைந்தது 600 நிமிடம் வகுப்பில் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள், 90 நிமிட வகுப்பு என்றால் ஏழு. ஒரு பாடம் வாரம் ஒரு தடவைதான் நடக்கும், செமஸ்டர் முடிந்தால் பெரும்பாலும் 2 கிரெடிட். ஏழு வகுப்பு எடுத்தால் 14 கிரெடிட், நம் ஊர் செமஸ்டரின் இருபது, இருபத்திரண்டு கிரெடிட்டுக்கு அது எப்போதும் குறைவாகவே வரும். அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்றும் கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

சரி, பணம். எக்ஸ்சேஞ்ச் என்றால் அங்கே கல்விக் கட்டணம் கிடையாது, நம் கல்லூரிக் கட்டணத்தை வழக்கம்போல இங்கே கட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒப்பந்தம் இல்லாமல் தானாகப் போய்ச் சேரும் திட்டங்களும் இருக்கின்றன, அவற்றில் அங்கேயும் கட்டணம் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜாஸ்ஸோ என்று ஒரு அமைப்பு, ஜப்பான் மாணவர் சேவைக்கானது, எக்ஸ்சேஞ்சில் வருகிறவர்களுக்கு மாதம் 80,000 யென் உதவித்தொகை தருகிறது, நம் காசில் சுமார் 45,000 ரூபாய். நாம் நேராக விண்ணப்பிக்க முடியாது, அங்கிருக்கும் பல்கலைக்கழகம்தான் பெயர் கொடுக்கும். 3.00-க்கு 2.30 என்ற அளவில் மார்க் இருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது, தோழிக்குக் கிடைக்கவில்லை. ஒரே மார்க் எடுத்த இரண்டு பேரில் ஒருத்தருக்குக் கிடைத்து ஒருத்தருக்குக் கிடைக்காததற்குக் காரணம் அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒதுக்கிய எண்ணிக்கையும் அங்கே போட்டி போடுகிறவர்களின் கூட்டமும்தான். அதனால் விண்ணப்பிக்கும்முன், போன வருஷம் எத்தனை எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கு ஜாஸ்ஸோ கொடுத்தீர்கள் என்று அந்தச் சர்வதேச அலுவலகத்துக்கே மெயில் போட்டுக் கேளுங்கள், பதில் சொல்வார்கள்.

சென்டாயில் பல்கலைக்கழக விடுதியில் கரண்ட், தண்ணீர் எல்லாம் சேர்த்து எனக்கு 30,000 யென்னைத் தாண்டவில்லை. சமைத்துச் சாப்பிட்டால் இன்னொரு 25,000 முதல் 30,000. போன், காப்பீடு, பஸ் எல்லாம் போட்டாலும் 80,000-க்குள் அடங்கியது. தோழி டோக்கியோவில் அறைக்கு மட்டும் 65,000 கொடுத்தாள், ஒரு பக்கத்துக்கு ஐம்பது நிமிடம் ரயில், மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் யென்னுக்குக் குறைந்து அவளால் வாழ முடியவில்லை. இதில் விமான டிக்கெட், படுக்கை, பாத்திரம், குளிர்கால ஜாக்கெட் எல்லாம் ஒரு தடவைச் செலவு. நாலரை மாதத்துக்குப் போனாலும் பத்தரை மாதத்துக்குப் போனாலும் அது ஒன்றுதான். மாதக் கணக்கில் வகுத்துப் பார்த்தால் குறுகிய பயணம்தான் செலவு கூடியது, வீட்டில் அப்பா அம்மாவிடம் பேசும்போது இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

பகுதிநேர வேலை பற்றி. அனுமதி வாங்கினால் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை செய்யலாம், நீண்ட விடுமுறையில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை. அந்த அனுமதியை இறங்கும் விமான நிலையத்திலேயே ரெசிடென்ஸ் கார்டு வாங்கும்போது படிவம் கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம், அப்புறம் தனியாக அலைய வேண்டாம். கூலியில் டோக்கியோதான் மேல்: 2024 அக்டோபரில் அங்கே குறைந்தபட்சம் மணிக்கு 1,163 யென், அகிதாவில் 951. ஆனால் ஒரு செமஸ்டருக்கு வருகிற ஆளுக்கு மொழியும் தெரியாது, மூன்று மாதத்தில் கிளம்பிவிடுவார் என்றும் தெரியும் என்றால் கடைக்காரர் யோசிக்கத்தான் செய்வார். வேலையை நம்பி பட்ஜெட் போடாதீர்கள். 28 மணி நேரம் வேலை பார்த்துக்கொண்டு ஏழு வகுப்பு படித்தவர்கள் யாரும் நன்றாகப் படித்து நான் பார்க்கவில்லை.

டோக்கியோவா வேறு ஊரா என்பதற்கு வருகிறேன். டோக்கியோவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வசேதா, சோஃபியா மாதிரிப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்தில் நடக்கும் பாடங்கள் ஏராளம், அரசியல், பொருளாதாரம், வணிகம் படிக்கிறவர்களுக்கு அந்தத் தேர்வு வேறெங்கும் சுலபமாகக் கிடைக்காது. இண்டர்ன்ஷிப், கம்பெனிக் கூட்டங்கள் எல்லாம் அங்கேதான். எதொகாவா வார்டில் நிஷி-காசாய் போனால் இந்தியக் குடும்பங்கள், இந்திய மளிகை, நம் பேச்சு. ஷின்-ஓகுபோவில் ஹலால் கடைகள் வரிசையாக இருக்கும் சந்தில் துவரம்பருப்பும் மசாலாவும் எப்போதும் கிடைக்கும். முதல் மாதத்தில் இதெல்லாம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தூரத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. ஆனால் அதே ஆறுதல்தான் என் தோழியைக் கட்டிப்போட்டது. வகுப்பு ஆங்கிலத்தில், விடுதியில் பக்கத்து அறைகள் எல்லாம் எக்ஸ்சேஞ்ச் மாணவர்கள், சனி ஞாயிறு நிஷி-காசாய். பிப்ரவரியில் கிளம்பும்போது அவள் போனில் இருந்த நண்பர்களில் ஜப்பானியர்கள் இரண்டு பேர்.

சென்டாய் பத்து லட்சத்துச் சொச்சம் பேர் இருக்கும் ஊர், டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம். கிராமம் இல்லை, ஆனால் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளவும் முடியாது. அறிவியல், பொறியியல் மாணவர்களுக்குத் தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஜூனியர் இயர் ப்ரோக்ராம் என்று ஒன்று இருக்கிறது, பாடங்கள் ஆங்கிலத்தில், கூடவே ஆய்வகத்தில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்யலாம். ஃபுகுவோகாவில் கியூஷு, சப்போரோவில் ஹொக்கைடோ, நகோயா, ஒசாகா எல்லாவற்றிலும் இதுபோல எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கென்றே திட்டம் உண்டு. அகிதா சர்வதேசப் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே போய், 2004-ல் தொடங்கியதிலிருந்து வகுப்பெல்லாம் ஆங்கிலத்தில்தான் நடத்துகிறது, தன் மாணவர்கள் எல்லோரும் ஒரு வருஷம் வெளிநாடு போய்ப் படித்தாக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. அப்படிப் போக இருக்கிறவர்களும் போய் வந்தவர்களும் உங்களோடு பேச ஆசைப்படுவார்கள். ஆனால் பனி ஆளை மூடும், பக்கத்தில் ஊர் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆய்வகம்தான் முக்கியம் என்கிறவர் சென்டாயோ ஃபுகுவோகாவோ போடுங்கள், மொழிதான் முக்கியம் என்கிறவரும் அதையே போடுங்கள், தொழில் தொடர்புகள்தான் முக்கியம் என்றால் டோக்கியோ.

வருஷம் முழுக்க இருந்ததில் எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் நான் சொல்வது ஒரு சேப்பங்கிழங்குக் கதை. அக்டோபரில் சென்டாய்க்காரர்கள் ஹிரோசே ஆற்றங்கரையில் இமோனிகாய் என்று கூடுவார்கள். பெரிய பாத்திரத்தில் சேப்பங்கிழங்கு, மிசோ என்ற சோயா விழுது, பன்றி இறைச்சி போட்டு விறகில் கொதிக்க வைப்பார்கள். பக்கத்து யமகதாக்காரர்கள் சோயா சாஸும் மாட்டிறைச்சியும் போடுவார்கள், எது அசல் என்று இரண்டு பக்கமும் விடாமல் வாதாடுவார்கள். நான் போய்ப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஆய்வகத்தில் எல்லோரும் கூட்டிக்கொண்டு போனார்கள், எனக்குக் கறி வேண்டாம் என்று தெரிந்து தனியாகச் சின்னப் பாத்திரம் வைத்தார்கள். கிழங்கை வாயில் வைத்ததும் அது எங்கள் ஆச்சி வீட்டுக் கிழங்கு என்று தெரிந்துவிட்டது. அதைச் சொல்ல வாயில் வார்த்தை இல்லை. ஒய்ஷீ, ஒய்ஷீ (ருசியாக இருக்கிறது) என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுச் சும்மா நின்றேன். எட்டு மாதம் கழித்து ஜூன் மழைக்காலத்தில் விடுதிச் சமையலறையில் அதே ஆய்வகப் பையன் ஒருவன் பக்கத்தில் நிற்க, கடுகு வெடிக்க விட்டு, வேகவைத்த கிழங்கை மொறுமொறுவென்று வறுத்துக்கொண்டே, ஆச்சி இதில் புளி எதற்கு ஊற்றுவாள், ஊற்றாவிட்டால் நாக்கு எப்படி அரிக்கும் என்று ஜப்பானிய மொழியில் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் எனக்கே உறைத்தது, மனசுக்குள் மொழிபெயர்க்காமல் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று. பிப்ரவரியில் கிளம்பியிருந்தால் அந்த ஜூன் எனக்கு இல்லை. முதல் நாலு மாதம் காதுதான் பழகும். வாய் திறப்பது அதற்குப் பிறகுதான், கிட்டத்தட்ட எல்லோருக்கும்.

நமக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. "நான் கடையில் அரிசி வாங்கினேன்" என்பதை அவர்கள் "வதாஷி வா மிசே தே கொமே ஒ கைமாஷிதா" என்பார்கள். நான், கடை-இல், அரிசி-ஐ, வாங்கினேன். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால், வினை கடைசியில். கூடப் படித்த ஐரோப்பிய மாணவர்கள் இந்த வரிசைக்கே மாதக்கணக்கில் திணறினார்கள், தமிழில் யோசித்தால் வாக்கியம் தானாக வந்து விழும். சீன எழுத்தான கான்ஜிதான் உழைப்பு. ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் என்5 தொடக்க நிலை, எண் குறையக் குறைய நிலை உயரும்; போகும்முன் என்5, முடிந்தால் என்4 அளவுக்குப் படித்துவிட்டுப் போங்கள். சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் என்ற அமைப்பில் வகுப்பும் உண்டு, ஜூலையிலும் டிசம்பரிலும் ஜேஎல்பிடி தேர்வும் அங்கே நடத்துகிறார்கள். ஒரு வருஷம் இருக்கிறவர்களுக்கு அங்கேயே ஜூலைத் தேர்வில் என்3 எழுத நேரம் சரியாக இருக்கும், ரெஸ்யூமேயில் போட அது ஒரு உறுதியான சான்று.

ஒரு வருஷத்துக்குச் சாதகமாக இன்னும் சில சின்னச் சின்ன விஷயங்கள் இருக்கின்றன. ஆறு மாதம் முடியும் வரை வங்கிகள் நம்மை அந்த நாட்டில் வசிப்பவராகக் கணக்கில் எடுப்பதில்லை, கணக்கு திறப்பதும் பணம் அனுப்புவதும் இழுபறி. ஒரு செமஸ்டர் மாணவருக்கு அந்தக் கட்டம் தாண்டும் முன்பே ஊர் திரும்பும் நாள் வந்துவிடும். பிப்ரவரி தொடக்கத்திலிருந்து ஏப்ரல் வரை இரண்டு மாத விடுமுறை வரும், நாட்டைச் சுற்றிப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. மாணவர் விசாவில் இருக்கிறவர்களுக்கு ஜப்பான் ரயில் பாஸ் கிடைக்காது, அது சுற்றுலா வருகிறவர்களுக்கு மட்டும். ஆனால் சேய்ஷுன் 18 டிக்கெட் யாரும் வாங்கலாம், தொடர்ந்து ஐந்து நாள் 12,050 யென், ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) சாதாரண ரயில்களில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும். நான் அதில்தான் சென்டாயிலிருந்து ஹிரோஷிமா வரை போய் வந்தேன். வேகம் இல்லை, ஜன்னல் இருக்கிறது.

அதற்காக ஒரு வருஷம் எல்லோருக்கும் சரி என்று சொல்ல மாட்டேன். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை, பக்கத்தில் இருக்க வேண்டும் என்றால் ஒரு செமஸ்டர் போதும், அதில் குறை ஒன்றும் இல்லை. எட்டாவது செமஸ்டரில் உங்கள் கல்லூரியில் வகுப்பே இல்லை, புராஜெக்ட் மட்டும்தான் என்றால் ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை ஒரே செமஸ்டர் ஆய்வகத்தில் இருந்து அதையே புராஜெக்டாகக் காட்டலாம், எந்தப் பாடமும் பாழாகாது. டிகிரி கைக்கு வர மூன்று மாதம் தள்ளும், வேலைக்குச் சேரும் தேதியை அந்தக் கம்பெனியிடம் முன்னாலேயே பேசிவிட வேண்டும். தனிமை தாங்காத மனசு என்று உங்களைப் பற்றி உங்களுக்கே தெரியும் என்றாலும் ஒரு செமஸ்டரே எடுங்கள். ஜனவரியில் சென்டாயில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும், விடுதியில் பாதிப் பேர் புத்தாண்டுக்கு ஊருக்குப் போயிருப்பார்கள். நான் அந்த இரண்டு வாரம் தினமும் வீட்டுக்கு வீடியோ கால் போட்டு, அம்மா சமைப்பதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். பூகம்ப எச்சரிக்கை போனில் அலறும்போது முதல் இரண்டு தடவை கால் நடுங்கும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குக் கூடுதல் சிரமம், கண்ணுக்குக் காய்கறி சூப் மாதிரி இருப்பதில்கூட மீன் போட்டுக் காய்ச்சிய தாஷி என்ற சாறு இருக்கும். அந்த மீனின் பெயரான கத்ஸுஓ என்ற எழுத்தை முதல் வாரத்திலேயே அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். விடுதியில் சமையலறை இருக்கிறதா என்று கேட்காமல் இடம் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எக்ஸ்சேஞ்சே வேண்டாம், பட்டம் முடித்துவிட்டு ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையில் முதுகலைக்குப் போகலாமே என்று கேட்கிறவர்களும் உண்டு. கட்டணம் இல்லை, விமானச் செலவு அவர்களுடையது, மாதம் 1,40,000 யென்னுக்கு மேல் கையில் வரும், கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. ஆனால் அதற்கு ஆராய்ச்சித் திட்டம் எழுத வேண்டும், ஒரு பேராசிரியர் ஏற்றுக்கொள்ள வேண்டும். எக்ஸ்சேஞ்ச் வருஷத்தில் ஆய்வகத்தில் உட்கார்ந்தவருக்கு அந்தப் பேராசிரியர் ஏற்கெனவே தெரிந்தவர். இந்த இரண்டையும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று என்று நான் பார்க்கவில்லை, ஒன்று முடிந்து மற்றொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு எடுத்துவிட்டால் வேலையை உடனே ஆரம்பிக்க வேண்டும். அக்டோபரில் போவதற்கு நம் கல்லூரி அங்கே பெயர் கொடுப்பது பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச், ஏப்ரலுக்குள். அப்புறம் அந்தப் பல்கலைக்கழகமே உங்களுக்காகக் குடிவரவு அலுவலகத்தில் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும், அது வர ஒன்று முதல் மூன்று மாதம், வந்த பிறகு மூன்று மாதத்துக்குள் ஜப்பானில் இறங்கியிருக்க வேண்டும். விசா அதற்குப் பிறகுதான், அது சுலபம். போய் விடுதியில் குடியேறிய 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரி பதிவு, அங்கேயே தேசிய மருத்துவக் காப்பீடு. மாதம் சுமார் 2,000 யென், மருத்துவச் செலவில் 30 சதவீதம் மட்டும் நாம் கட்டினால் போதும். 20 வயது ஆகியிருந்தால் அதே கவுன்ட்டரில் ஓய்வூதியத் திட்டத்தில் விலக்குப் படிவம் கேட்டு நிரப்பிக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மாதம் 17,000 யென்னைச் சுற்றி பில் வீட்டுக்கு வரும். எனக்கு வந்தது, பயந்துபோய் எனக்கு உதவிக்கு இருந்த டியூட்டரைக் கூட்டிக்கொண்டு ஓடினேன், பத்து நிமிடத்தில் முடிந்தது.

ஒரு செமஸ்டருக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் போய் அங்கே நீட்டித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்களுக்கு: சில இடங்களில் முடியும், ஆனால் இரண்டு பக்கத்துப் பல்கலைக்கழகமும் ஒத்துக்கொள்ள வேண்டும், விடுதியில் அறை மிச்சம் இருக்க வேண்டும், ஜாஸ்ஸோ தொடரும் என்று உறுதி கிடையாது. தோழி டிசம்பரில் கேட்டுப் பார்த்தாள், அவள் அறைக்கு ஏப்ரலில் வரப்போகிறவரின் பெயர் அதற்குள் எழுதியாகிவிட்டிருந்தது. முதலிலேயே ஒரு வருஷம் என்று எழுதிக்கொடுங்கள். முடியவில்லை என்றால் பிப்ரவரியில் திரும்பி வர யாரும் தடுக்க மாட்டார்கள்.